மெஷின்தான் ஆடுது

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு பழைய மெஷினை வாங்கப் போன இடத்திலிருந்து மெஷின் இல்லாமல் திரும்பினோம். கதை மட்டும் கூடவே வந்துவிட்டது.

வாங்கப் போனவர் என் அக்காவின் கணவர். மரத்திலும் அக்ரிலிக்கிலும் எழுத்துப் பொறித்து, சாவிக்கொத்து, பெயர்ப்பலகை என்று விற்கும் சின்னத் தொழில் ஒன்றைத் தொடங்கப் போவதாக அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புது லேசர் மெஷின் கட்டுப்படியாகாது. செகண்ட் ஹேண்டில் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வீட்ல ரெண்டு பொம்பளைங்க மட்டும்தான் இருக்காங்களாம். நீயும் கூட வாம்மா" என்றார். போனேன். அந்த வீட்டின் முன்னறையில் கொஞ்ச நேரம்தான் இருந்தோம். அதற்குள் என் கண்ணெதிரே ஒரு பெண் ஒரு சின்னஞ்சிறு பொய் சொன்னாள். அது பொய் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த நாளிலிருந்து வேறு எதையும் எழுத ஓடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கற்றை மரப்பலகையின் மேல் இறங்கியபோது, அவளுடைய வாழ்க்கையிலும்...'

(நிறுத்திவிட்டேன். 'அவளுடைய வாழ்க்கையிலும்' என்று எழுதிய எந்த வாக்கியமும் என் கையில் உருப்பட்டதில்லை.)

பிறகு இப்படி:

'மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நடுவில் ஒரு லேசர் மெஷினும் இருந்தால்...'

(இது சிரிப்புக் கதைக்கு ஆகும். இதில் சிரிப்பு உண்டு. ஆனால் சிரிப்புக் கதை இல்லை.)

மூன்றாவது தொடக்கத்தில் வெறுமனே, 'மெஷின் முன்னறையில் இருந்தது' என்று எழுதினேன். இது யாரையும் ஏமாற்றவில்லை. இதிலிருந்தே போகலாம்.

2

மெஷின் முன்னறையில் இருந்தது. ஒற்றைக் கட்டில் போடும் இடத்தை அடைத்துக்கொண்டு ஓர் இரும்புப் பெட்டி. மேலே கண்ணாடி பதித்த மூடி. பின்னாலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு வெள்ளிநிறக் குழாய் கிளம்பி, ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. உபயோகம் இல்லாத நேரத்தில் அதன்மேல் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார்கள்.

மாமியாரை எல்லோரும் வார்டன் என்றார்கள். பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பால்காரர், எதிர்வீட்டுக்காரர், கூடப்பிறந்த தம்பி, யாருமே அவரை வேறு பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. குரல் அப்படி. "சாப்பிட்டியா" என்று அவர் கேட்டால், தாமதமாக வந்ததற்குக் காரணம் கேட்கிற மாதிரி இருக்கும். நடக்கும்போதும் நிற்கும்போதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

மருமகள் கூரியர் அலுவலகம் ஒன்றில் முகவரிகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். அந்தக் கிளையை மூடிவிட்டதால் வீட்டில் இருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பெண்.

மூன்றாவதாக ஒருவன் உண்டு. அவன் அங்கே இல்லை. மெஷினை வாங்கியவன் அவன்தான். வார்டனின் மகன், இவளுடைய கணவன். மெஷின் வந்திறங்கியதும் கொஞ்ச நாள் ஆசை ஆசையாகச் சாவிக்கொத்து செய்து பார்த்தான். பிறகு ஒரு நாள் காலையில், "வேலையா வெளியூர் போறேன், வந்துடறேன்" என்று ஒரு பையோடு படியிறங்கினான். வரவில்லை. மருமகள் போன் செய்தால் எடுப்பதில்லை. சில மாதம் கழித்து அம்மாவிடம் மட்டும் பேசினான். நன்றாக இருக்கிறேன் என்றான். இப்போதைக்கு வர முடியாது என்றான். மெஷினை விற்று, வருவதை அவளிடம் கொடுத்துவிடு என்றான். வைத்துவிட்டான்.

ஏன் போனான்?

என் முதல் வடிவத்தில் அவனுக்கு இன்னொரு பெண்ணை வைத்திருந்தேன். இரண்டாவது வடிவத்தில் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு, மருந்தில்லாத ஒரு மனச்சோர்வைக் கொடுத்தேன். இந்த வீட்டோடு பழகிய பிறகு இரண்டையும் மருமகளிடம் படித்துக் காட்டினேன்.

"எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் சொல்லுங்களேன் என்கிற மாதிரிக் கேட்டாள்.

இரண்டையும் அடித்துவிட்டேன். அவன் ஏன் போனான் என்பது இந்தக் கதைக்குத் தெரியாது.

3

மெஷினை விற்றுவிட்டால் என்ன ஆகும் என்பது யாரும் உட்கார்ந்து பேசாமலேயே முடிவாகியிருந்தது. மருமகள் தன் அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள். வார்டன் தொலைவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவார்; அங்கே பேரப்பிள்ளைகளின் அறையில் ஒரு கட்டில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வாடகை வீடு காலியாகும். ஒருத்தி போவதைப் பற்றி மற்றவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று இருவரும் பயந்தார்கள் என்று நினைக்கிறேன். (இது என் ஊகம். இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை.)

முதலில் மெஷினைப் பார்க்க வந்தவர் ஒரு பரிசுப்பொருள் கடைக்காரர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஓடுமா?"

"ஓடும்" என்றார் வார்டன்.

"ஓட்டிக் காட்டுங்க."

மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் படுக்கை விரிப்பைப் பார்த்தாள். கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, "ஓடாத மெஷின்னா பழைய இரும்பு விலைதாம்மா" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

வார்டனுக்கு அது பொறுக்கவில்லை. "என் பையனை யாரு வேணா திட்டட்டும். நானே திட்டறேன். மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு? அது ஓடும்னு நான் சொல்றேன், இரும்புங்கறான்."

"ஓடும்னு நமக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"அதனாலதான் நீ கத்துக்கப் போறே."

"நானா?"

"நீதானே டைப் படிச்சவ."

"அது அட்ரஸ் அடிக்கறது அத்தை."

"இதுலயும் ஏதோ அடிக்கத்தானே போறே. உக்காரு."

இப்படியாக, ஒரு பொருளை வீட்டைவிட்டு அனுப்புவதற்காக அதை ஓட்டக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள்.

4

அவன் விட்டுப்போன லேப்டாப்பில் மென்பொருள் இருந்தது. திறந்தால் வெள்ளையாக ஒரு வெளி, அதில் மெல்லிய கட்டங்கள், ஓரத்தில் நிறையச் சின்னங்கள். வீடியோ ஒன்றைப் போனில் ஓடவிட்டு, நிறுத்தி, செய்து பார்த்து, மறுபடி ஓடவிட்டு, இப்படித்தான் ஆரம்பித்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த வார்டன், வீடியோவில் பேசுகிறவன் வேகமாகப் பேசும்போதெல்லாம் "மெதுவா சொல்லுப்பா" என்று அவனைக் கண்டித்தார்.

மெஷின் முதலில் அசைந்துகொடுக்கவில்லை. மூடி சரியாக மூடாவிட்டால் கத்தியது. தண்ணீர் ஓடாவிட்டால் கத்தியது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல் சூடாகாமல் இருக்க ஒரு வாளித் தண்ணீரை மோட்டார் சுற்றிச் சுற்றி அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. லென்சுக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பார்க்கக் கட்டைவிரல் அளவில் ஒரு அக்ரிலிக் துண்டு இருந்தது. அதை அவர்கள் கீழே விழுந்த ஏதோ உடைசல் என்று நினைத்துக் குப்பையில் போட்டிருந்தார்கள். வார்டனே குப்பைக்கூடையைக் கவிழ்த்து எடுத்தார்.

பிறகு ஒரு மதியம், அது எழுதியது.

அதை எப்படிச் சொல்வது? (இந்தப் பத்தியைப் பலமுறை எழுதிவிட்டேன். வியப்பை எழுதப் போனால் வியப்பு போய்விடுகிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.) மெஷினுக்குள் லென்சைத் தாங்கிய தலை நகர்ந்தது. ஒரு சிறிய பொட்டு நெருப்பு, கடுகளவுகூட இல்லை, பலகையின் மேல் ஓடியது. அது போன வழியில் பழுப்பாக ஒரு கோடு நின்றது. அவ்வளவுதான். மேலேயிருந்து எதுவும் இறங்கி வந்து தொடவில்லை. பேனா இல்லை, கத்தி இல்லை.

"வெளிச்சம் எங்கே?" என்றார் வார்டன்.

"அது கண்ணுக்குத் தெரியாதாம் அத்தை. வீடியோவுல சொன்னான். மரத்துல பட்டு எரியறதுதான் நமக்குத் தெரியுது."

"தெரியாத வெளிச்சமா? தெரியறதுக்குப் பேர்தானே வெளிச்சம்."

இருவரும் கண்ணாடி மூடியின் மேல் குனிந்து, தலையோடு தலை இடிக்காத குறையாக, அந்தக் கோடு ஒரு சதுரமாகி மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்க விறகடுப்பு வாசம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவரும் சேர்ந்து ஒரே பொருளை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான் என்று மருமகள் என்னிடம் சொன்னாள்.

5

வார்டனை முற்றாக வீழ்த்தியது நிறங்கள்.

அந்த மென்பொருளில் நிறம் என்பது நிறம் இல்லை. ஒரு கோட்டுக்குச் சிவப்புக் கொடுத்தால் அது சிவப்பாக வராது. சிவப்பு என்றால் வெட்டு. கறுப்பு என்றால் மேலாகச் சுரண்டு. நீலம் என்றால் கோடு மட்டும் போடு. இப்படி ஒவ்வொரு நிறத்துக்கும் நாம் ஒரு வேலையையும் வேகத்தையும் சொல்லி வைத்துவிடலாம். அப்புறம் எந்தக் கோட்டுக்கு எந்த நிறமோ அந்த வேலையை அது செய்யும்.

"அப்போ நிறம்னா உத்தரவு" என்றார் வார்டன்.

"ஆமா அத்தை."

"சொன்னா சொன்னபடி செய்யும்."

"செய்யும்."

வார்டன் மெஷினின் மூடியை ஒருமுறை தட்டினார். "இந்த வீட்ல சொன்ன பேச்சைக் கேக்கற ஒரு ஜீவனை வாங்கிப் போட்டுட்டுத்தான் போயிருக்கான்."

அது சொன்னபடி செய்யும் என்பதில்தான் சிக்கலே இருந்தது. நடுவில் ஓட்டை வைத்த வட்டம் ஒன்றை வெட்டச் சொன்னாள். அது முதலில் வெளிவட்டத்தை வெட்டியது. வெட்டியதும் துண்டு கீழே சரிந்தது. சரிந்த துண்டில் ஓட்டை கோணலாக விழுந்தது. உள்ளே இருப்பதை முடித்துவிட்டுத்தான் வெளியே வெட்ட வேண்டும் என்பதை அதற்குச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்கும், சொல்லாவிட்டால் தெரியாது. (நீங்கள் இப்போது அந்த வெளியூர் போனவனை நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். அதற்கு மேல் இழுக்க மாட்டேன்.)

பிறகு வீட்டில் எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ரொட்டித் துண்டில் நட்சத்திரம் வரைந்தார்கள். முட்டை ஓட்டில், ஓடு உடையாமல், ஒரு மீன் வரைந்தார்கள். காய்ந்த இலை ஒன்றின் மேல்தோல் மட்டும் போகும்படி மிகக் குறைந்த சக்தியில் ஒரு சுழி போட்டபோது வார்டன் அந்த இலையை ஜன்னலுக்கு நேரே நீட்டிப் பார்க்கச் சொன்னார். இலை கிழியவில்லை. சுழியின் வழியே வெயில் மட்டும் வந்தது.

"எவ்வளவு தொடணும்னு அதுக்குத் தெரியுது" என்றார்.

"நாமதான் சொல்றோம் அத்தை."

"சொல்லிக் கேக்கறதும் பெரிய விஷயம்தாம்மா."

ஒரு நாள் வார்டன் மகனின் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். விட்டுப்போன பழைய ஜோடி. அதில் ஒன்றில் ஏதாவது எழுத வேண்டும் என்றார். என்ன எழுதுவது என்று சொல்லவில்லை. மருமகள் செருப்பை வாங்கி, திருப்பி, முகர்ந்து பார்த்தாள்.

"இது தோல் இல்ல அத்தை. ரெக்சின். இதைச் சுட்டா விஷப்புகை வரும். மெஷினும் கெட்டுடும், நாமளும் கெட்டுடுவோம்."

"விட்டுட்டுப் போனதுலயும் விஷத்தைத்தான் வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றார் வார்டன்.

மருமகள் சிரித்துவிட்டாள். அவன் போன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு. சிரித்ததற்குத் திட்டு விழும் என்று நிமிர்ந்து பார்த்தாள். வார்டனும் சிரித்துக்கொண்டிருந்தார்.

6

இனி வருவது கதையின் நடுப்பகுதி. இங்கேதான் எனக்குக் கை கூசுகிறது. இதைச் சொல்ல வார்டன் அனுமதி தந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு ஒரு மாதிரி வேண்டும். தமிழில் தட்டினால் அந்த மென்பொருளில் எழுத்து சிதறியது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் 'க' அநாதையாக நின்றது. மருமகள் ஒரு யோசனை கண்டுபிடித்தாள். கையால் எழுதியதைப் படம் எடுத்து உள்ளே ஏற்றினால், அதைச் சுற்றி மென்பொருளே கோடு இழுத்துக்கொள்ளும்.

"உங்க கையெழுத்து பெரிசா அழகா இருக்கும்னு அவர் சொல்லுவாரே. எழுதிக் குடுங்க அத்தை."

"என்ன எழுத?"

"எதையாவது."

வார்டன் தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வந்தார். விடுதியின் ஒவ்வொரு அறையிலும் அவர் எழுதி ஒட்டிய வாசகம்தான்: 'விளக்கை அணைக்கவும்.'

ஒரு வளைவு எப்படி உண்டாகிறது என்பதை மருமகள் அதற்குள் கற்றிருந்தாள். திரையில் தெரியும் வளைவை இரண்டு முனைகளில் இரண்டு புள்ளிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புள்ளியிலிருந்து நீளும் ஒரு கைப்பிடியை இழுத்தால் கோடு வளைந்து கொடுக்கிறது. எவ்வளவு பெரிய சுழிக்கும் நாலைந்து புள்ளி போதும். இது அவளுக்குத் தீராத ஆச்சரியமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து எழுதிவரும் 'ழ' இத்தனை குறைவான புள்ளிகளில் நிற்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லையே என்று நினைத்தாள்.

வார்டனின் எழுத்தை ஏற்றி, கோடு இழுக்கச் சொல்லி, புள்ளிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள்.

எறும்பு மொய்த்தது போலப் புள்ளிகள்.

'வி'யின் வளைவில் மட்டும் எண்ண முடியாத அளவு. பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். தூரத்திலிருந்து நேராகத் தெரிந்த கோடு, அருகில் போகப் போக, நேராக இல்லை. இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை. மலைப்பாதை மாதிரி நெளிந்து நெளிந்து, விழாமல், எப்படியோ எழுத்தின் கடைசி வரை போய்ச் சேர்ந்திருந்தது. படம் எடுக்கும்போது தன் கை ஆடிவிட்டது என்று நினைத்து மறுபடி எடுத்தாள். அதேதான். தன் கையெழுத்தை ஏற்றிப் பார்த்தாள். அதில் கொஞ்சம் புள்ளிகளே இருந்தன.

அப்போதுதான் அவளுக்கு மற்றதெல்லாம் தெரிந்தது. காபியை ஏன் பாதித் தம்ளர் போதும் என்கிறார். செய்தித்தாளை ஏன் கையில் பிடிக்காமல் மேஜையில் விரித்துப் படிக்கிறார். சட்டைப் பித்தான் தைப்பதை ஏன் திடீரென்று "நீயே தைச்சுக்கோ" என்று விட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வது வார்டன் தோரணை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒரு கை இன்னொரு கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று இப்போது தெரிந்தது.

(நான் அந்தத் திரையைப் பார்த்திருக்கிறேன்; பிறகு எனக்குக் காட்டினாள். எத்தனையோ கதைகளில் முதுமையை எழுதியிருக்கிறேன். 'நடுங்கும் கை' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன். நடுக்கம் என்பது இவ்வளவு பெரிய உழைப்பு என்று அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.)

கோட்டைச் சீராக்க ஒரு கட்டளை உண்டு. அழுத்தினாள். புள்ளிகள் உதிர்ந்தன. எழுத்து வழவழவென்று ஆனது, அழகாக இருந்தது, யாருடைய கையெழுத்தாகவும் இல்லை. இரண்டையும் சேமித்து வைத்தாள். 'விளக்கு ஒன்று' நடுக்கத்தோடு. 'விளக்கு இரண்டு' நடுக்கம் இல்லாமல்.

வார்டனைக் கூப்பிட்டு இரண்டாவதை மட்டும் காட்டினாள். வார்டன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றார், கொஞ்சம் நம்பாமல்.

"ஆமா அத்தை."

7

இந்த நிலையில்தான் நாங்கள் படியேறிப் போனோம்.

மாமா (அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) மெஷினைச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "ஏதாவது எழுதிக் காட்டும்மா" என்றார். வார்டன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். மருமகள் பலகையை வைத்து, இடைவெளி பார்த்து, மூடியை மூடி, லேப்டாப்பில் எதையோ திறந்து அழுத்தினாள்.

நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பேசிக்கொண்டிருந்த மாமாகூட வாயை மூடிக்கொண்டார். ஒன்றுமே இல்லாத பலகையிலிருந்து எழுத்து எழும்பி வந்தது. யாரோ உள்ளேயிருந்து எழுதுகிறார்கள், நாம் மறுபக்கத்திலிருந்து படிக்கிறோம் என்பதுபோல இருந்தது.

முடிந்ததும் மாமா பலகையை எடுத்து ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார்.

"எழுத்து ஏன் இப்படி நடுங்குது?"

பலகையை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.

"உள்ள பெல்ட் லூசா இருக்கா? மெஷின் ஆடுதா?"

மருமகள் பலகையைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் சுவரோரத்துக்குப் போகவில்லை. போகாமல் இருக்க அவள் பாடுபட்டது மட்டும் தெரிந்தது. மெஷின் ஆடவில்லை என்றால் ஆடியது எது என்ற கேள்வி வரும். அந்த அறையில் நாங்கள் இருவர் அந்நியர்கள்.

"ஆமா" என்றாள். "மெஷின்தான் ஆடுது."

"ரிப்பேர் பண்ணிடலாமா?"

"பார்த்தாச்சு சார். சரியாகல."

படியிறங்கும்போது மாமா நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "வாங்க வந்தவன்கிட்ட குறையை மறைக்காம சொல்லுது பாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா."

பிறகு ஒருமுறை, அன்றைக்கு 'விளக்கு இரண்டு' இருக்க 'விளக்கு ஒன்று' எப்படித் திறந்தது என்று அவளிடம் கேட்டேன். "கை தவறிடுச்சுக்கா" என்றாள். சில நாள் நம்புகிறேன். சில நாள், மெஷின் போய்விடக் கூடாது என்று அவள் விரலுக்கு அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு இருக்கும் ஒரே சந்தேகம் இது. தீர்க்காமல் விடுகிறேன்.

8

கதை இங்கே வேறு வழிகளில் போயிருக்கலாம்.

மாமா ஒரு வட்டம் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கலாம். விவரம் தெரிந்தவர் அதைத்தான் கேட்பார். வட்டம் அப்பழுக்கில்லாமல் வந்திருக்கும். பொய் அந்த இடத்திலேயே உடைந்திருக்கும். மெஷின் இன்று எங்கள் அக்கா வீட்டில் இருந்திருக்கும். அவருக்கு வட்டம் தோன்றவில்லை. அவருக்கு எப்போதும் சாவிக்கொத்துதான்.

இன்னொன்று: வார்டன் இரண்டடி முன்னால் வந்து, கைகளை நீட்டிக் காட்டி, "மெஷின் ஆடல. ஆடறது இது" என்று சொல்கிறார். இதை நான் மிகவும் விரும்பி எழுதினேன். இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள் என்றுகூடக் கணக்குப் போட்டேன். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. எத்தனையோ பெண்பிள்ளைகளின் எத்தனையோ பொய்களைக் கண்ணைப் பார்த்தே பிடித்த வார்டன், தன் எதிரில் சொல்லப்பட்ட ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்து, தண்டிக்காமல், வாயைத் திறக்காமல் நின்றார். நான் எழுதிய இரண்டு பக்கத்தையும்விட அது பெரிது. கிழித்துவிட்டேன்.

9

நாங்கள் போன பிறகு நடந்ததை மருமகள் சொல்லித்தான் அறிந்தேன். அந்தப் பலகையை எனக்குக் கொடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டு நான் சில நாள் கழித்து மறுபடி போனேன். "அது விக்கறதில்லக்கா" என்றாள். ஆனால் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

அன்று மெஷின்மேல் விரிப்பைப் போர்த்திவிட்டு இருவரும் உட்கார்ந்தார்களாம். வார்டன்தான் ஆரம்பித்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"எழுத்தை ஏத்தினேனே, அன்னிக்கு."

"ம்."

"டாக்டர்கிட்ட போகணும் அத்தை."

"அந்த மனுஷன் இனி ஊரெல்லாம் சொல்லுவாரு. இந்த வீட்டு மெஷின் ஆடுதுன்னு. எவன் வாங்குவான்?"

"யாரும் வாங்க மாட்டாங்க."

"அப்புறம் அதை என்ன பண்றது?"

"நாமளே ஓட்ட வேண்டியதுதான்."

வார்டன் தலையாட்டினார். கைகளைப் பின்னாலிருந்து எடுத்து, மருமகளுக்கு எதிரிலேயே, மடியில் வைத்துக்கொண்டார். அவை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. இருவரும் அவற்றைப் பார்த்தார்கள். மருமகள் எழுந்து போய்த் தம்ளர் நிறையக் காபி கொண்டுவந்து, அத்தை குடித்து முடிக்கும்வரை அடியில் கை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர், முழுக்கப் போகாது, மருந்தில் குறையும் என்றார். குறைந்திருக்கிறது. பெயர்ப்பலகை கேட்டு ஆட்கள் வருகிறார்கள்; முதலில் ஒரு பல் மருத்துவர், பிறகு அவர் சொல்லி ஒரு பள்ளிக்கூடம். வார்டனின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் நேர் எழுத்துதான் வேண்டியிருக்கிறது. (நடுங்கும் எழுத்துக்கு ஊரே மயங்கியது என்று எழுத ஆசைதான்.) நிறங்களுக்கு வேலை ஒதுக்குவது வார்டனின் பொறுப்பு. மருமகள் படம் வரைகிறாள், வார்டன் பின்னால் நின்று, "உள்வட்டத்தை முதல்ல வெட்டச் சொன்னியா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் இவள் சொல்லிவிட்டதாகச் சொல்கிறாள்.

10

நேற்று இதையெல்லாம் அவர்களிடம் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் பலகைகள் தரையெல்லாம் கிடந்தன. மருமகள் மரத்தூசியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

வார்டனுக்குத் திருப்தி இல்லை. "என்னை ரொம்ப நல்லவளா எழுதியிருக்கே. நான் இவளைப் படுத்தின பாடெல்லாம் எங்கே?"

"அதுக்குத் தனியா ஒரு புத்தகம் போடணும் அத்தை" என்றாள் மருமகள்.

"முடிவு என்ன?" என்றார் வார்டன் என்னிடம்.

முடிவு இன்னும் இல்லை என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வார்டன் சொன்னார், மகன் போன் செய்திருக்கிறான். மெஷின் விற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறான். நம்பவில்லை. யார் ஓட்டுகிறார்கள் என்று இரண்டு முறை கேட்டானாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

மருமகள் துடைத்துக்கொண்டிருந்த பலகையைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன எழுதட்டும்?" என்று மருமகளிடம் கேட்டேன்.

அவள் துணியை மடித்து வைத்தாள். "வந்தான்னு எழுதுங்கக்கா. கதவைத் திறந்தேன்னு மட்டும் எழுதாதீங்க."

வார்டன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கோடு ஓடிய மதியம் கண்ணாடி மூடிக்குள் பார்த்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளை. என்ன சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அவ சொல்றபடியே எழுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, தாழ்ந்த குரலில், "மூடியே இருந்துச்சுன்னும் எழுதிடாதே" என்றார்.

மருமகள் மறுத்துப் பேசவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. இருவர் சொன்னதையும் மீறாமல் என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். பேனாவை வைத்துவிட்டேன், நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கதவு